மட்டம் பார்க்கும் வேலை மட்டமான வேலையா?

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல் இயற்பியல் மாணவன்)

நம் மொழியில் ‘மட்டம்’ என்னும் சொல் இரண்டு முகங்கள் கொண்டது. கொத்தனாரின் கையில் அது ஏற்றத்தாழ்வு இல்லாத சமநிலை. கடைத்தெருப் பேச்சில் அது தரக்குறைவு. ‘தளம் மட்டமாக இருக்கிறது’ என்றால் பாராட்டு; ‘சரக்கு மட்டமாக இருக்கிறது’ என்றால் பழிப்பு. ஒரே சொல் பாராட்டும் பழிப்பும் ஆனது எப்படி என்பதை மொழி வல்லுநர்கள் ஆராயட்டும். மட்டம் பார்த்துப் பிழைக்கும் மக்களை நாம் எந்தப் பொருளில் பார்க்கிறோம் என்பதே இக்கட்டுரையில் நான் எழுப்ப விரும்பும் வினா.

இக்கேள்வி எனக்கு எழுந்ததற்குக் காரணம் தரவு மையங்கள். அவற்றைப் பற்றி நம் வகுப்புகளில் ஓயாமல் பேசுகிறோம். செயற்கை அறிவு, மென்பொருள், மாதச் சம்பளம் ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு சுழல்கிறது. அந்தக் கணிப்பொறிகள் எதன் மேல் நிற்கின்றன, அவற்றை நிறுத்தியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கோபுரத்தைப் பார்த்து வியப்பவர்கள் கடைக்காலை மறப்பது உலக இயல்பு. ஆனால் படித்தவர்களும் மறக்கலாமா?

மேகம் எங்கே நிற்கிறது?

நம் மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு, தங்கையின் திருமணப் புகைப்படம் ஆகிய யாவும் ‘கிளவுடில்’, அதாவது மேகத்தில், இருப்பதாகச் சொல்கிறோம். அந்த மேகம் வானத்தில் இல்லை. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் சன்னல் இல்லாத பெருங்கட்டடங்களுக்குள், இரும்பு அலமாரிகளில், அலமாரிக்கு நான்கு திருகு கால்களின் மேல் நிற்கிறது. வேலையாட்கள் அவ்வலமாரியை ‘ரேக்’ என்பார்கள்.

இக்கட்டடங்கள் நம் கரையோரம் பெருகுவதற்குக் காரணம் உண்டு. உலகத்தை இணைக்கும் கடலடிக் கம்பிகள் பல சென்னையில் கரையேறுகின்றன. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்ட சென்னை–அந்தமான் ஒளியிழைக் கம்பி ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம் கொண்டது. தமிழ்நாடு அரசும் 2021இல் தரவு மையங்களுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

என் ஊர் பெரிய முதலியார்சாவடி. புதுச்சேரியை விட்டு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்வோர் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டிருப்பர். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிச் செல்லும் இடம். கடலடிக் கம்பி வழியே வரும் செய்திகள் தங்கிச் செல்லும் தரவு மையத்தையும் ஒரு சாவடி என்றே நான் சொல்வேன். வழிப்போக்கர் படுக்கும் திண்ணை சரிந்திருந்தால் தூக்கம் வருமா? தரவுச் சாவடிக்கும் அதே கதிதான்.

மூன்று மில்லிமீட்டரின் கதை

கணிப்பொறி அலமாரிகளுக்கு உலகெங்கும் ஒரே அளவு முறை பின்பற்றப்படுகிறது. கருவியின் முகப்பு அகலம் 19 அங்குலம். உயரத்தை ‘யூ’ என்னும் அலகால் அளப்பர். ஒரு யூ 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். வழக்கமான அலமாரியில் 42 யூ இடம் உண்டு. சட்டத்தையும் சேர்த்தால் அதன் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். அகலமோ பெரும்பாலும் 60 சென்டிமீட்டர்தான். வெறும் அலமாரியே நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். கருவிகளை நிரப்பினால் ஆயிரம் கிலோவைத் தாண்டுவதும் உண்டு. ஒல்லியாய், உயரமாய், பெருஞ்சுமை தாங்கி நிற்கும் பொருள் அது.

இயற்பியல் மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் அகல அலமாரியின் ஒரு பக்கக் கால் 3 மில்லிமீட்டர் தாழ்ந்து விட்டால், 2 மீட்டர் உயரத்தில் அதன் தலை 10 மில்லிமீட்டர் சாயும். இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். தனி அலமாரியானால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் தரவு மையத்தில் அலமாரிகள் தனித்து நிற்பதில்லை. பத்து, இருபது என்று தோளோடு தோள் சேர்த்துத் திருகாணியால் பிணைக்கப்படுகின்றன. ஒன்று சாய்ந்தால் அடுத்ததற்கும் அதற்கும் இடையே மேலே இடைவெளி விழுகிறது. குளிர்ந்த காற்று ஒரு புறமும் சூடான காற்று மறு புறமும் செல்லும்படி வகுத்த ஏற்பாட்டில், அந்த இடைவெளி வழியே சூடும் குளிரும் கலக்கின்றன. கதவு சட்டத்தில் இடிக்கிறது. மேசை இழுப்பறையைப் போல் முன்னால் இழுக்க வேண்டிய கருவி பாதி வழியில் சிக்கிக்கொள்கிறது.

நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் நின்றால் நிலைமை இன்னும் மோசம். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். இதை நாம் அனைவரும் தேர்வுக்கூடத்திலேயே அனுபவித்திருக்கிறோம்! ஆயிரம் கிலோ அலமாரியில் ஒரு காலுக்கு 250 கிலோ வீதம் பகிர வேண்டிய சுமை, ஒரு கால் அந்தரத்தில் நின்றால் பெரும்பாலும் எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு கால்களின் மேல் போய் விழுகிறது. தாங்குகின்ற தரையோ, பல இடங்களில், திருகுத் தண்டுகளின் மேல் பரப்பிய 60 சென்டிமீட்டர் சதுரப் பலகைகளால் ஆனது. ஒரு கால் செய்ய வேண்டிய வேலையை மற்றொரு கால் சேர்த்துச் செய்தால் எவ்வளவு நாள் தாங்கும்?

மட்டம் வைக்கும் முறை

அலமாரியை நிறுத்துவது தள்ளிக்கொண்டு போய் விடும் காரியம் அன்று. முதலில் தரையைப் படிக்க வேண்டும். லேசர் மட்டமோ தண்ணீர்க் குழாய் மட்டமோ கொண்டு, அந்த வரிசையில் தரை எங்கே மிக உயர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு நூல் அடித்து வரிசையைக் குறிக்க வேண்டும். கனத்த அலமாரி உருண்டு வரும் வழியில் தடித்த பலகைகளைப் போட்டு, தரைப் பலகைகளின் மேல் சுமை பரவும்படி செய்ய வேண்டும்.

முதல் அலமாரியை மிக உயர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். இதுவே இந்தத் தொழிலின் உயிர்நாடி. திருகு காலை இறக்கினால் அலமாரி உயரும். ஆனால் காலை முழுவதும் உள்ளே ஏற்றிய பிறகு, அதற்கும் கீழே அலமாரியைத் தாழ்த்த வழியே இல்லை. ஆகவே உயர்ந்த இடத்து அலமாரியை அளவுகோலாகக் கொண்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதன் உயரத்திற்குக் கொண்டுவர வேண்டும். முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். நிமிர்ந்த சட்டத்தைத் தூக்குக் குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். பூட்டுத் திருகை இறுக்கி, பக்கத்து அலமாரியோடு பிணைத்து, பிணைத்த பின் மீண்டும் ஒருமுறை மட்டம் பார்க்க வேண்டும். இறுக்கும்போது அசைந்திருக்கக் கூடும். அதன் பின்னரே மண்ணிணைப்புக் கம்பியும், கீழ்த்தட்டிலிருந்து மேல்நோக்கிக் கனமான கருவிகளும்.

ரசமட்டத்தை நம்புமுன் ரசமட்டத்தையே சோதிக்க வேண்டும் என்பதும் இங்கே ஒரு பாடம். வைத்த இடத்திலேயே அதைத் தலைகால் மாற்றித் திருப்பி வைத்தால் குமிழி அதே இடத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குற்றம் தரையில் மட்டும் இல்லை, கருவியிலும் இருக்கிறது. தண்ணீர்க் குழாயிலும் அப்படியே: உள்ளே ஒரு காற்றுக் குமிழி தங்கிவிட்டால் நீர் சரியான மட்டத்தைக் காட்டாது. அளப்பவன் தன் அளவுகோலை முதலில் ஐயுற வேண்டும் என்பதை எந்த ஆய்வுக்கூடம் இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க முடியும்?

உப்பளம் தந்த பாடம்

இந்த அறிவு நம் கரைக்குப் புதியதா? இல்லை என்பதே என் உறுதியான கருத்து.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்திற்குள் மரக்காணத்து உப்பளங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கின்றன. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அங்குள்ள பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. நெய்தல் நிலத்தின் உமணர் மரபு இன்றும் மூச்சோடு இருக்கும் மண் அது.

உப்பு விளைவிப்பது வெயில் மட்டும் என்று நினைப்பவர்கள் உப்பளத்தைக் கரையில் நின்று பார்த்தவர்கள். உண்மையில் உப்பு விளைவது மட்டத்தால். போமே என்னும் அளவையில் ஏறத்தாழ 3 பாகை உள்ள கடல்நீர், ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மெல்ல இறங்கி, வெயிலில் வற்றிச் செறிந்து, 25 பாகையை நெருங்கும்போது உப்பு படிகிறது. 30 பாகையை நெருங்க விட்டால் கசப்புப் பொருள்களும் சேரத் தொடங்கி உப்பின் சுவை கெடும். நீர் தானாக இறங்கிச் செல்ல, பாத்திக்குப் பாத்தி சிறு வாட்டம் வேண்டும். ஆனால் உப்பு படியும் பாத்திக்குள்ளே தரை சமமாக இருக்க வேண்டும். தேங்கும் நீரின் ஆழமே சில விரற்கடை. அதில் தரை ஓர் அங்குலம் மேடு பள்ளமானால், ஒரு பக்கம் காய்ந்து வெடிக்கும், மறு பக்கம் குளமாகும். வாரும்போது உப்போடு சேறும் வரும்.

ஆகவே மழைக்காலம் முடிந்ததும் சேற்றைக் கூட்டி, காலால் மிதித்து மிதித்து, பலகையால் இழுத்துத் தளத்தை ஆண்டுதோறும் புதிதாக ஆக்குகிறார்கள். 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, அந்நகரில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய வெள்ளம் வடிந்தபின் பாத்திக்குப் பழைய மட்டத்தை மீட்பவர்கள் பட்டம் பெற்றவர்கள் அல்லர். கால் பாதமே அவர்களுக்கு ரசமட்டம்.

நாடு முழுவதற்கும் மட்டம் தந்ததே கடல் அன்றோ? இரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ‘கடல் மட்டத்துக்கு மேல்’ இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். இந்தியாவின் உயரங்களை அளக்க 1909இல் நிறைவுற்ற மட்ட அளவைக்கு, ஒன்பது துறைமுகங்களில் பல ஆண்டுகள் குறித்து வைத்த அலை ஏற்ற இறக்கமே அடிப்படை. அந்த ஒன்பதில் நம் சென்னையும் நாகப்பட்டினமும் அடங்கும். கடலோடு பழகிய மக்களுக்கு மட்டம் தெரியும் என்றால் அதில் வியப்பென்ன?

ஒரு வரிசை அலமாரி

என் தாய்மாமன் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி. மழை தொடங்கி அளம் ஓய்ந்தால் சென்னைப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போவார். சில ஆண்டுகளாக அந்த வேலை தரவு மையங்களில் அலமாரி நிறுத்துவதாக அமைந்தது. ஓரிடத்தில் பதினான்கு அலமாரிகள் கொண்ட வரிசை. உருட்டி வர எளிது என்பதால் வாசற்பக்கத்திலிருந்து தொடங்குமாறு மேற்பார்வையாளர் சொன்னாராம். “அங்க தரை தாழ்வு சார், அந்தக் கோடியிலதான் ஒசரம்” என்று மாமா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்தாவது அலமாரியில் கால்கள் முழுவதும் உள்ளே போயும் அது பக்கத்ததைவிட உயர்ந்தே நின்றது. கதவு மூடவில்லை. இரண்டு இரவுகள் விழித்து, வரிசை முழுவதையும் பிரித்து மறுகோடியிலிருந்து நிறுத்தினார்கள். அந்த இரண்டு இரவுகளுக்கும் கூலி இல்லை. ‘ஆட்களின் கவனக்குறைவு’ என்று அறிக்கையில் எழுதப்பட்டது.

மாமா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தொழில் நுணுக்கம் சொல்லித் தருவது போலவே சொன்னார். “மொதப் பொட்டிய ஒசந்த எடத்துல வை மாப்ளே. தாழ்ந்தத ஏத்திக்கலாம். ஒசந்தத எறக்க முடியாது.”

கோபம் எனக்குத்தான் வந்தது. தரையைப் பார்த்தே சரிவைச் சொல்லத் தெரிந்தவர் அறிவு அங்கே ஏற்கப்படவில்லை. அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. பிழை மட்டும் அவர் தலையில் எழுதப்பட்டது. கணிப்பொறியைப் பொருத்தியவர் பெயரும் நாளும் பதிவேட்டில் இருக்கின்றன. அந்தக் கணிப்பொறி நிற்கும் அலமாரியை நிறுத்தியவர் ‘ஆள் நான்கு’ என்று எண்ணிக்கையாக இருக்கிறார்.

சிலர் கேட்கக் கூடியவை

“லேசர் வந்துவிட்டதே, இனி மனிதன் கண் எதற்கு?” என்பர் சிலர். லேசர் கோட்டைக் காட்டும், காலைத் திருகாது. எங்கே தொடங்குவது, எந்தப் பலகை சுமை தாங்காது, இறுக்கும்போது எது நழுவும் என்பவை அந்தச் சிவப்புக் கோட்டில் எழுதப்பட்டிருப்பதில்லை.

“கட்டி முடித்த தரவு மையத்தில் வேலை செய்வோர் மிகச் சிலரே, அதை நம்பி ஒரு தொழிலா?” என்பது நியாயமான கேள்வி. பரப்பளவுக்கும் மின்சாரத்துக்கும் ஒப்பிட்டால் அங்கே நிலையான வேலைகள் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் கட்டும் காலத்து வேலையின் தரத்தையும் கூலியையும் பற்றிப் பேசுகிறேன். உள்ளூராருக்குக் கிடைக்கும் பங்கு பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. மட்டம் தெரிந்த கை மருத்துவமனைக் கருவிக்கும், தொழிற்சாலை எந்திரத்துக்கும், மின்நிலையப் பெட்டிக்கும் பயன்படும்.

“கலைக்கல்லூரி மாணவனுக்கு இது எதற்கு?” என்பது மூன்றாவது கேள்வி. இதைக் கேட்பவர்களே மட்டத்தின் இரண்டாம் பொருளை வளர்ப்பவர்கள் என்பேன். நடுவு நிலைமைக்கு உவமை தேடிய வள்ளுவர் அரண்மனைக்குப் போகவில்லை. வணிகன் கடையில் தொங்கும் துலாக்கோலைக் காட்டினார். தொழிற்கருவியில் அறம் காண முடிந்த மரபில் வந்த நாம், தொழிலாளியிடம் அறிவு காண மறுக்கலாமா?

செய்ய வேண்டுவன

வேண்டுகோள் இல்லாத கட்டுரை வெறும் புலம்பலாகிவிடும். எனவே சிலவற்றைத் துணிந்து சொல்கிறேன்.

முதலாவது, அலமாரி நிறுத்துவோர்க்குரியது. இரண்டு மீட்டர் உயரமும் நூறு கிலோவுக்கு மேல் எடையும் உள்ள பொருளை நகர்த்த எத்தனை பேர் வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். விரல் நசுங்காத காலணி கொடுக்கப்பட வேண்டும். மேலிருப்பவர் உத்தரவால் நேர்ந்த மறுவேலைக்குக் கூலி உண்டு என்பது விதியாக வேண்டும். ஒப்படைப்புத் தாளில் மட்டம் பார்த்தவர் பெயர் இடம்பெற வேண்டும். பெயர் போட்டால் பெருமையும் வரும், பொறுப்பும் வரும்.

இரண்டாவது, அரசுக்குரியது. 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் வழியே நம் போன்ற கல்லூரிகளிலும் திறன் பயிற்சிகள் நடைபெறுகின்றன. திரைமுன் அமர்ந்து கற்கும் பயிற்சிகளோடு, அலமாரி நிறுத்துதல், கம்பி ஒழுங்கு, மண்ணிணைப்பு ஆகிய கைத்திறன்களுக்கும் அங்கே இடம் வேண்டும். பல்லாண்டு அனுபவம் பெற்ற உப்பளத் தொழிலாளிக்கும் கொத்தனாருக்கும், செய்து காட்டினாலே சான்றிதழ் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

மூன்றாவது, நமக்குரியது. நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தண்ணீர்க் குழாய், ரசமட்டம், தூக்குக் குண்டு ஆகியவற்றைக் கொண்டு, ஒரு பழைய இரும்பு அலமாரியைச் சரியாக நிறுத்துவதை ஒரு செய்முறைப் பயிற்சியாக்கலாம். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. தமிழ்த்துறையினர் உப்பளத்திலும் தளத்திலும் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்கலாம். அவை அகராதியில் ஏறுமுன் அழிந்துவிடக் கூடாது. வணிகவியல் நண்பர்கள் மறுவேலையால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிட்டுக் காட்டலாம். இவற்றைக் கற்பிக்க ஓர் உப்பளத் தொழிலாளியை நம் வகுப்பறைக்கு அழைத்து, நாற்காலி போட்டு அமர்த்தி, நாம் குறிப்பெடுக்கலாம். ஆசிரியப் பெருமக்கள் இதற்கு இசைவு தருவார்கள் என்று நம்புகிறேன்.

மட்டம் பார்ப்பது என்றால் உயர்ந்ததை இடித்துத் தள்ளுவது அன்று; தாழ்ந்து கிடப்பதை உயர்ந்ததன் அளவுக்குத் தூக்கி நிறுத்துவது. அலமாரி வரிசையில் நாம் கைக்கொள்ளும் இந்த விதியைத் தொழில்களின் வரிசையிலும் கைக்கொள்ள வேண்டும். மென்பொருள் எழுதுபவரின் மதிப்பு குறைய வேண்டியதில்லை. அவருக்குக் கீழே தரையில் மண்டியிட்டுத் திருகைச் சுற்றிக்கொண்டிருப்பவரின் மதிப்பு உயர வேண்டும். அந்த ஒரு கால் தரையைத் தொடாத வரை வரிசை முழுவதும் ஆடிக்கொண்டுதான் இருக்கும்.